கண்காணிப்பும் தனித்தன்மை இழப்பும்: இரண்டாவது தடவையில் நான் எழுதிய விடை

ஆங்கில இலக்கியத்தை வெளிவாரியாகப் படித்தவள் நான். இருபதாம் நூற்றாண்டு நாவல் பற்றிய வினாத்தாளுக்கு இரண்டு தடவை தோற்ற வேண்டியிருந்தது. முதல் தடவை என்னை விழுத்தியது, முற்றதிகாரச் சமூகங்களைச் சித்திரிக்கும் டிஸ்டோப்பிய நாவல்களில், அதாவது கொடிய உலகொன்றைக் கற்பனை செய்யும் நாவல்களில், கண்காணிப்பும் தனித்தன்மை இழப்பும் எவ்வாறு கையாளப்படுகின்றன என்ற வினா. நான் மிகவும் விரும்பிப் படித்த பகுதியும் அதுதான். ஏறக்குறைய இதே வினா வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருவதைக் கடந்தகால வினாத்தாள்களில் காணலாம் என்பதால், வன்னியில் இருந்தபடியே இந்தப் பாடத்தைப் படிக்கும் தம்பி தங்கையருக்கு என் பிழையையும் அதைத் திருத்திய விதத்தையும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அந்தப் பிழை. நாற்பத்தைந்து நிமிடத்தில் எழுத வேண்டிய விடையில் இரண்டு பக்கத்துக்கு '1984' நாவலின் கதையைச் சொன்னேன். பிறகு ஒரு பக்கத்துக்கு என் கதையைச் சொன்னேன். 2009இல், போரால் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாமில் எங்கள் குடும்பம் ஒரு கூடார இலக்கமாக இருந்ததையும், ஒலிபெருக்கியில் பெயருக்கு முன்னே இலக்கம் வாசிக்கப்பட்டதையும், பள்ளிச் சிறுமியாக இருந்த எனக்கு அது எப்படி இருந்தது என்பதையும் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது. நல்ல விடை எழுதுகிறேன் என்றே நம்பினேன். பெறுபேறு வந்த பின்னர் அதே விடையை நினைவிலிருந்து மீண்டும் எழுதி விரிவுரையாளர் ஒருவரிடம் காட்டினேன். அவர் முழுவதையும் வாசித்துவிட்டு, "பிள்ளை, நீங்கள் எழுதினது எல்லாம் உண்மை. ஆனால் கேள்வி உங்களைப் பற்றியில்லை, நாவல் அதை எப்படிச் செய்யுது எண்டதைப் பற்றி" என்றார். அன்று அது கடுமையாகப் பட்டது. இன்று அந்த வசனத்தைத்தான் என் மாணவருக்கு முதல் பாடமாகச் சொல்கிறேன்.

மல்லாவியிலிருந்து சனிக்கிழமை விடியப்புறம் பேருந்தேறி, மாங்குளம் சந்தியில் இறங்கி, ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போகும் பேருந்தைப் பிடித்து வகுப்புக்குப் போவது என் வழக்கம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பேருந்து நிற்கும் சில நிமிடங்களைத் தவிர மற்ற நேரமெல்லாம் வாசிப்புத்தான். இரண்டாவது தடவைக்கு ஆயத்தம் செய்த அந்த ஆண்டில் நான்கு நாவல்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் மூன்று முறை வாசித்தேன். ரஷ்ய எழுத்தாளர் யெவ்கனி சமியாட்டின் 1920–21இல் எழுதி, சொந்த நாட்டில் வெளியிட முடியாமல் 1924இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக முதலில் வெளிவந்த 'வீ' (We) என்ற நாவல். ஒல்டஸ் ஹக்ஸ்லியின் 1932ஆம் ஆண்டு நாவலான 'பிரேவ் நியூ வேர்ல்ட்'. ஜோர்ஜ் ஓர்வெல் 1949இல் வெளியிட்ட '1984'. மார்கரெட் அட்வூட்டின் 1985ஆம் ஆண்டு நாவலான 'த ஹாண்ட்மெய்ட்ஸ் டேல்'. பத்து நூல்களின் சுருக்கத்தை மனனம் செய்வதிலும் இது நூறு மடங்கு பயன் தந்தது.

முதல் வாசிப்பில் நான் தேடியது கதையை. இரண்டாம் வாசிப்பில் ஒரே ஒரு கேள்வியைத் தேடினேன்: பார்க்கப்படுகிறவருக்குள் என்ன நடக்கிறது? பெரும்பாலான விடைகள், அரசு கண்காணிக்கிறது, ஆகவே மனிதர் தனித்தன்மையை இழக்கின்றனர் என்று ஒரே வசனத்தில் காரணத்தையும் விளைவையும் கட்டிப்போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் கிடப்பதே விடை. பரீட்சகர் புள்ளி வைத்திருப்பதும் அங்கேதான்.

'1984'ஐ எடுத்துக்கொள்வோம். கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தின் அறையில் உள்ள தொலைத்திரையின் ஒலியைக் குறைக்கலாமே தவிர, அதை முற்றாக நிறுத்த முடியாது. அது காட்டுகிற அதே வேளையில் பார்க்கவும் செய்கிறது. ஆனால் எந்தக் கணத்தில் யாரைப் பார்க்கிறது என்று எவருக்கும் தெரியாது. இந்தத் 'தெரியாது' என்பதைத் தடித்த கோடிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாம் வரைந்த வட்டச் சிறைச்சாலைத் திட்டத்தில் நடுக்கோபுரத்துக் காவலர் இருக்கிறாரா இல்லையா என்பதைக் கைதி அறிய முடியாது. ஆகவே அவர் எப்போதும் இருப்பதாக எண்ணியே கைதி நடந்துகொள்ள வேண்டியிருக்கும். 1975இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ இந்தத் திட்டத்தை விளக்கும்போது, பார்க்கப்படுகிறவர் காலப்போக்கில் தம்மைத் தாமே காவல் காக்கத் தொடங்குகிறார் என்று காட்டினார். இந்த இரு பெயர்களையும் இரண்டு வசனத்துக்கு மேல் நீட்டவேண்டாம். கோட்பாட்டை ஒரு பக்கம் எழுதிவிட்டு நாவலுக்கு நேரமில்லாமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

கோட்பாட்டை விட்டு உடனே நாவலின் முகத்துக்கு வாருங்கள். முகம் என்றே சொல்கிறேன், ஏனெனில் ஓர்வெல் அங்கேதான் நுட்பமாக வேலை செய்கிறார். தொலைத்திரைக்கு முன்னால் திரும்பும்போது வின்ஸ்டன் அமைதியான நம்பிக்கையுள்ள முகபாவம் ஒன்றை அணிந்துகொள்கிறான். பொருத்தமற்ற முகபாவம் தண்டனைக்குரிய குற்றம். அதற்கென்று, ஆட்சிக் கட்சி உருவாக்கிய புதுமொழியில் ஒரு சொல்லே இருக்கிறது. தன் நரம்புகளே தன் மிக மோசமான எதிரி என்று அவன் எண்ணுகிறான். காலை உடற்பயிற்சியில் சோர்ந்தால் திரை அவனை '6079 ஸ்மித் டபிள்யூ' என்று அதட்டுகிறது. அயலவனான பார்சன்ஸ் நித்திரையில் ஆட்சித் தலைவரான பெரியண்ணனுக்கு (Big Brother) எதிராகக் கத்திவிட, அதைச் சாவித்துவாரத்தால் ஒட்டுக்கேட்ட ஏழு வயது மகள் அவனைக் காட்டிக்கொடுக்கிறாள். அவனோ சிறைக்குள் இருந்தபடி மகளை எண்ணிப் பெருமைப்படுகிறான். கண்காணிப்பு முகத்திலிருந்து நரம்புக்கும், நரம்பிலிருந்து நித்திரைக்கும், நித்திரையிலிருந்து தந்தை மகள் உறவுக்கும் இறங்கும் இந்த ஒழுங்கை அப்படியே மூன்று பந்திகளாக்கினால் விடையின் முதுகெலும்பு கிடைத்துவிடும்.

பெரியண்ணன் என்ற தமிழாக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் வாசித்தபோது அது எனக்கு வெறும் பட்டப்பெயராகவே பட்டது. தமிழில் சொல்லிப் பார்த்த பிறகுதான், தாங்கியும் அதட்டியும் வளர்க்கும் உடன்பிறப்பின் உரிமையை அந்த அரசு எடுத்துக்கொள்கிறது என்பது உறைத்தது. நாவலின் கடைசி வசனம் வின்ஸ்டன் அவரை நேசிப்பதாக முடிவது ஏன் அவ்வளவு கொடியது என்பதும் அப்போதே விளங்கியது. ஆங்கிலத்தில் விடை எழுதினாலும் தமிழில் யோசித்துப் பார்ப்பதற்குத் தயங்காதீர்கள்.

இதே வழியில் சமியாட்டினின் நாவலின் தலைப்பும் எனக்குத் திறந்தது. ரஷ்ய மொழியின் தன்மைப் பன்மைச் சொல் ஒன்றுதான். தமிழிலோ கேட்பவரை விலக்கிய 'நாங்கள்', கேட்பவரையும் சேர்த்த 'நாம்' என இரண்டு உண்டு. பேச்சில் நாங்கள் இதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை என்றாலும் எழுத்தில் வேறுபாடு இருக்கிறது. எதைத் தலைப்பாக வைப்பது என்று பேருந்தில் நெடுநேரம் யோசித்தேன். அந்த நாவலில் மனிதருக்குப் பெயருக்குப் பதிலாக இலக்கம்தான். கதை சொல்லும் டி-503 ஒரு கணிதவியலாளன். அவன் கட்டும் விண்கலம், வேறு கோள்களில் வாழ்பவர்களையும் பகுத்தறிவின் நுகத்தடிக்குள் கொண்டுவரப் புறப்பட இருக்கிறது. அவர்களுக்காகத்தான் அவன் குறிப்பேடு எழுதுகிறான். ஆகவே அவன் வெளியே நிற்பவர்களைப் பார்த்து 'நாங்கள்' என்று தொடங்குகிறான். அவனது அரசு விரும்புவதோ வெளியே எவரையும் மிச்சம் வைக்காத 'நாம்'. அந்த இரண்டுக்கும் நடுவில், ஐ-330 என்ற பெண்ணைச் சந்தித்த பிறகு, அவனையறியாமல் 'நான்' முளைக்கிறது. உனக்கு ஆன்மா உருவாகிவிட்டது என்று மருத்துவர் அதை ஒரு நோயாகவே அவனுக்குச் சொல்கிறார். இறுதியில் கற்பனையை அகற்றும் சத்திரசிகிச்சைக்குப் பின்னர், அவள் சித்திரவதைப்படுவதை அவன் கலக்கமின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்த நாவலில் வீடுகளுக்குக் கண்ணாடிச் சுவர்கள். திரைச்சீலையை இறக்குவதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு வாய் உணவை ஐம்பது தடவை மெல்ல வேண்டும் என்பதும் விதி. ஒரு மாலை முற்றத்தில் இருந்து இதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மெல்லுகிற கணக்கைக் கேட்டுச் சிரித்தவர், கண்ணாடிச் சுவரைப் பற்றிச் சொன்னதும் சுளகை நிறுத்திவிட்டார். "அப்ப அந்தச் சனம் எங்கை போயிருந்து பிள்ளை அழுகிறது?" என்று கேட்டார். முகாமில் அவர் எங்கே அழுதார் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

அம்மாவின் அந்தக் கேள்வியை நான் விடைத்தாளில் எழுதவில்லை. ஆனால் அதை நாவல்களிடம் கேட்டேன். எழுத வேண்டிய பந்தி வந்தது. வின்ஸ்டனின் அறையில் தொலைத்திரையின் பார்வைக்கு எட்டாத ஒரு சிறு மூலை இருக்கிறது. அங்கிருந்துதான் அவன் நாட்குறிப்பு எழுதுகிறான். 1984 ஏப்ரல் 4 என்று திகதியிட்ட உடனேயே, அது உண்மையில் அந்த ஆண்டுதானா என்பது அவனுக்கு உறுதியில்லை. பழைய பதிவுகளைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவனால் தன் நினைவைக்கூட எதனுடனும் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. டி-503க்கு நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலங்கள் மட்டுமே சொந்த நேரம். ஆட்சியாளருக்குப் பிள்ளை பெற்றுக்கொடுக்கவென வைத்திருக்கப்படும் அட்வூட்டின் கதாநாயகிக்கு இரவில் தன் அறையும் பழைய பெயரின் நினைவும்தான் மிச்சம். அந்தப் பெயரை நாவல் நமக்கு வெளிப்படையாகச் சொல்வதில்லை, அவளை வைத்திருக்கும் தளபதியின் பெயரோடு ஒட்டிய உடைமைப் பெயரே நமக்குத் தரப்படுகிறது. அவள் கடைக்குப் போகும்போதும் இன்னொரு பெண்ணோடு சோடியாகத்தான் போகவேண்டும். ஒருத்தி மற்றவளுக்குக் காவல். பார்வை எட்டாத ஒரு மூலை, ஒரு மணித்தியாலம், ஒரு பெயர் என்று தனித்தன்மை ஒதுங்கி நிற்கும் சிறு இடங்களையும் அவை பறிபோகும் விதத்தையும் எழுதினால், இழப்பு என்ற சொல்லுக்குப் பொருள் வரும். உங்கள் வாழ்வு உங்களுக்குத் தரவேண்டியது நாவலிடம் கேட்பதற்கான இத்தகைய கேள்வியை. விடையை நாவலிலிருந்தே எடுங்கள்.

ஹக்ஸ்லியை எதிர்வாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய உலகில் தொலைத்திரைக்குத் தேவையே இல்லை. ஒரே முட்டையிலிருந்து 96 பேர் வரை உருவாக்கி, நித்திரையில் பாடம் ஓதி, கவலை வந்தால் சோமா மாத்திரை கொடுத்தால் போதும். பறிப்பதற்கு முன்னால் தனித்தன்மை வளரவே விடப்படவில்லை. தப்பித் தவறி வளர்ந்தவர்கள் தீவுகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். கண்காணிப்பு இன்றியும் தனித்தன்மை அழியலாம் என்ற இந்த ஒரு பந்தி, வினா தரும் இணைப்பை நீங்கள் கேள்விக்குட்படுத்துவதைக் காட்டும்.

சில பிழைகள் எல்லா விடைகளிலும் வருகின்றன. ஓர்வெலின் நாட்டில் எல்லோரும் தொலைத்திரையால் பார்க்கப்படுகிறார்கள் என்று எழுதாதீர்கள். மக்கள்தொகையில் 85 சதவீதமான பாட்டாளிகளில் பெரும்பாலோரின் வீடுகளில் தொலைத்திரையே இல்லை. அரசு அஞ்சுவது யாருடைய மனத்துக்கு என்பதை அது காட்டுவதால் இது சிறிய தகவல் அல்ல. ஓர்வெலின் நாவல் எதையும் முன்னோடியாகக் கொள்ளாதது என்றும் எழுதாதீர்கள். சமியாட்டினின் நாவலுக்கு அவர் 1946இல் மதிப்புரை எழுதியிருக்கிறார். இலக்கம் இட்டாலே தனித்தன்மை போய்விட்டது என்ற வாதமும் அவசரமானது. உங்கள் விடைத்தாளில் பெயருக்குப் பதிலாகச் சுட்டெண் இருப்பது, நீங்கள் யாரென்று தெரியாமல் விடை திருத்தப்பட வேண்டும் என்பதற்காக. டி-503க்கு இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பெயர் இல்லை. வேறுபாடு அங்கே இருக்கிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் ஏழு நிமிடத்தைப் பந்திகளின் வரிசைக்கு ஒதுக்கினேன்; கதைச்சுருக்கத்துக்கு ஒரு நிமிடமும் கொடுக்கவில்லை. மேற்கோள்களை நீளமாக மனனம் செய்யவுமில்லை. நாவலுக்கு நான்கு குறுஞ்சொற்றொடர்கள் போதும், அவற்றின் எழுத்துக்கூட்டல் சரியாக இருந்தால்.

முடிவுப் பந்திக்கு நான் வைத்திருந்தது ஒரு சந்தேகம். '1984'இன் இறுதியில், வின்ஸ்டன் தோற்ற பிறகு, புதுமொழியைப் பற்றிய பின்னிணைப்பு ஒன்று வருகிறது. அது இறந்தகாலத்தில், சாதாரண ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் அந்த ஆட்சி எப்போதோ முடிந்துவிட்டதா, யாரோ சுதந்திரமாக இருந்து அதை எழுதுகிறார்களா? அட்வூட்டின் நாவலும் 2195ஆம் ஆண்டில் நடக்கும் ஆய்வரங்கு ஒன்றோடு முடிகிறது. ஆட்சி போய்விட்டது, ஆனால் அங்கே பேசும் பேராசிரியருக்கு அந்தப் பெண் பட்டதைவிடத் தளபதி யார் என்பதே பெரிய கேள்வியாக இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து, ஆட்சி முடிந்தால் இழந்த தனித்தன்மை திரும்பி வருகிறதா என்று கேட்டு, அட்வூட்டின் நாவலில், திரும்பி வருவதில்லை என்பதற்கான சான்று கூடுதலாக இருப்பதாக எழுதினேன். இன்னும் இரண்டு வசனம் எழுத நினைத்திருந்தேன், மணி அடித்துவிட்டது. அந்தத் தடவை சித்தியடைந்தேன்.