அன்னபூர்ணாவுக்குச் சுமந்து சென்ற 668 கிராம்

நேபாளத்தில் உள்ள அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு எட்டு நாள் நடந்து சென்று திரும்புவதென்று முடிவானதும், நான் முதலில் வாங்கியது மலையேற்றக் காலணியையோ மழைச் சட்டையையோ அல்ல, சமையலறையில் பயன்படும் ஒரு மின்னணுத் தராசைத்தான். சுமை தூக்க ஆள் வைத்துக்கொள்வதில்லை என்றும், தண்ணீரோடு சேர்த்து முதுகுப்பை ஒன்பது கிலோவைத் தாண்டக்கூடாது என்றும் நானும் நண்பரும் பேசி வைத்திருந்தோம். இறகு மேலங்கி 410 கிராம், உறங்கு பை 1,100 கிராம் என்று ஒவ்வொன்றாக நிறுத்துக்கொண்டே வந்தபோது, பல ஆண்டுகளாக என் தோளில் தொங்கிய நிக்கான் டி7200 கேமராவும் அதன் 18-140 மி.மீ. லென்ஸும் சேர்ந்து 1,255 கிராம் காட்டின. இரவில் உயிரைக் காக்கும் உறங்கு பையைவிடக் கனமான ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு 4,130 மீட்டர் உயரத்துக்கு ஏறப் போகிறோம் என்பதை நினைக்க எனக்கே சிரிப்பு வந்தது.

இருந்தாலும் பழகிய கருவியைச் சோதித்துப் பார்க்காமல் கைவிட மனம் வரவில்லை. நடைப்பயிற்சிக்காக வெள்ளியங்கிரி ஏறியபோது அதையே கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கி ஏறியவர்களுக்குத் தெரியும், ஏழு மலைகளிலும் ஒரு கை அந்தத் தடிக்கே சொந்தம். மீதமிருக்கும் ஒரு கையால் ஒன்றேகால் கிலோவைத் தூக்கி, ஜூம் வளையத்தையும் திருகிப் படம் எடுப்பது நடக்கிற காரியம் இல்லை. ஒவ்வொரு முறையும் தடியைச் சாய்த்து வைக்க ஓர் இடம் தேட வேண்டியிருந்தது. குனிந்து ஏறும்போதெல்லாம் கேமரா ஊசலாடி நெஞ்சில் மோதியதால் இரண்டாம் மலையிலேயே அதைப் பைக்குள் போட்டேன். அதன் பிறகு இறங்கி வரும்வரை வெளியே எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மொத்தம் 23 படங்கள்தாம் இருந்தன. அதுவரை எத்தனை கிராம் குறையும் என்று மட்டுமே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நான், மூச்சு வாங்கி நிற்கும் நேரத்தில் ஒற்றைக் கையால் எடுத்து, படம் பிடித்து, திரும்ப வைக்க முடிகிற கேமரா எது என்று தேடத் தொடங்கினேன்.

கைபேசியே போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நல்ல வெளிச்சத்தில் அகன்ற மலைக்காட்சியைக் கைபேசி எடுத்தால், திரையில் பார்ப்பவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் வழிப்படமும், அவசர அழைப்பும், டார்ச்சு விளக்கும் அதே பேட்டரியை நம்பி இருக்கையில் படமும் அதிலேயே எடுப்பது எனக்கு உவப்பாக இல்லை. தவிர, கையுறை போட்ட விரலுக்குத் தொடுதிரை சரியாக இணங்குவதில்லை.

சட்டைப்பைக்குள் அடங்கும் கேமராக்களில் இரண்டை நெடுநாள் பரிசீலித்தேன். ரிக்கோ ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம்தான். டி7200-இல் இருப்பதைப் போன்ற ஏபிஎஸ்-சி எனும் பெரிய அளவுச் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) அதற்குள் இருப்பது வியப்புக்குரியது. ஆனால் 28 மி.மீ.க்கு நிகரான ஒரே பார்வைக் கோணம், ஜூம் கிடையாது. நகரத் தெருவுக்கு அதுவே அழகு. எட்ட நிற்கும் சிகரத்தை நெருக்கிப் பார்க்க அது உதவாது. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 இதற்கு நேரெதிர்: 302 கிராமுக்குள் 24 முதல் 200 மி.மீ. வரை நீளும் ஜூம், ஆனால் நான் பின்னர் வாங்கிய கேமராவின் சென்சாரில் ஏறத்தாழ பாதிப் பரப்பே உள்ள ஓர் அங்குல சென்சார். இரண்டையும் நான் விலக்கியதற்கு முதன்மையான காரணம் மழை. நாங்கள் போகவிருந்தது ஏப்ரலில். அந்தப் பள்ளத்தாக்கில் அப்போது காலையில் வானம் தெளிந்திருந்தாலும் பிற்பகலில் மேகம் ஏறி மழையோ ஆலங்கட்டியோ கொட்டுவது வழக்கம். இந்த இரண்டு கேமராக்களிலும் நீர் புகாத அடைப்பு இல்லை.

கடைசியில் ஒலிம்பஸ் இ-எம்5 மார்க் 3 கேமராவையும் 12-45 மி.மீ. எஃப்/4 லென்ஸையும் பழையதாக ஒருவரிடம் வாங்கினேன். பாடி, அதாவது லென்ஸ் நீங்கலான கேமரா, 414 கிராம், லென்ஸ் 254 கிராம், ஆக 668. இரண்டும் மழைத்துளிக்கும் தூசிக்கும் அடைப்பு உள்ளவை. ஒன்றுக்கு மட்டும் அடைப்பு இருந்து மற்றதற்கு இல்லாவிட்டால் பயனில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு பாடிக்குள்ளேயே இருப்பதால் டிரைபாடை வீட்டில் விட்டுவிடலாம். அது தனியாக ஒரு கிலோ மிச்சம்.

ஆனால் 587 கிராம் குறைந்துவிட்டது என்ற என் மகிழ்ச்சி பேட்டரிக் கணக்கில் சற்று இறங்கியது. டி7200-இன் பேட்டரி ஒருமுறை ஏற்றினால் கேமரா நிறுவனங்களின் பொதுச் சோதனைக் கணக்குப்படி 1,110 படங்களுக்கு வரும். ஒலிம்பஸுக்கு 310 மட்டுமே. ஒலிம்பஸைப் போல் உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத (மிரர்லெஸ்) கேமராவில் சென்சாரும் திரையும் ஓயாமல் விழித்திருக்க வேண்டியிருப்பதுதான் காரணம். எட்டு நாளில் ஆயிரம் படங்கள் என்று வைத்துக்கொண்டால் பழைய கேமராவுக்கு ஒரு பேட்டரி ஏறக்குறையப் போதும், புதியதற்கு நான்கு வேண்டும். நல்லவேளையாக இது யூஎஸ்பி வழியே கேமராவுக்குள்ளேயே மின்னேற்றிக்கொள்ளும். ஆகவே சுவர் சார்ஜரை விட்டுவிட்டு மூன்று பேட்டரியும் 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்றும் எடுத்துக்கொண்டேன். 37 வாட்-மணி கொள்ளளவுள்ள அது, 8.7 வாட்-மணி பேட்டரியை இழப்பு போக இருமுறை நிரப்பிய பிறகும் கைபேசிக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கும். விமானத்தில் பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பாதையிலுள்ள தேநீர் விடுதிகளில் மின்னேற்றத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, மேலே ஏற ஏற அதுவும் ஏறும்.

குளிர் இதைவிடப் பெரிய எதிரி. லித்தியம் பேட்டரிக்குள் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடுவதால் பாதி நிறைந்த பேட்டரிகூடக் காலியானது போல் கேமராவை அணைத்துவிடும். உள்ளங்கையில் சூடேற்றினால் திரும்ப உயிர் பெறும். இரவில் மூன்று பேட்டரிகளையும் ஒரு காலுறைக்குள் போட்டு உறங்கு பைக்குள் வைத்துக்கொண்டே படுத்தேன். நண்பர் இதைப் பார்த்து அடைகாக்கிறாயா என்று கேட்டதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

முதுகுப்பையின் தோள்பட்டையில், நெஞ்சுக்கு இடப்பக்கமாக, ஒரு சிறிய கேமராப் பையைக் கோத்திருந்தேன். இடக்கையில் ஊன்றுகோல், வலக்கையில் கேமரா என்பது ஏற்பாடு. கேமராவின் இயக்கு விசை அதன் மேற்புறத்தில் இடப்பக்கமாக இருப்பதால், நடக்கும் நேரம் முழுவதும் அணைக்காமல் உறக்க நிலையில் விட்டுவைத்து, படம் எடுக்கும் பொத்தானை லேசாக அழுத்தி எழுப்பிக்கொள்வேன். இந்தச் சின்னப் பழக்கம் இல்லையென்றால் ஒற்றைக் கைத் திட்டமே பாழாகியிருக்கும். பொக்ராவிலிருந்து ஒற்றைக் கூம்பாகத் தெரிந்த மச்சபுச்சரே சிகரம், குருங் மக்கள் வாழும் கான்ட்ருக் ஊரிலிருந்து தன் பெயருக்கேற்ற மீன்வாலாக இரண்டாகப் பிளந்து நின்றதை லென்ஸின் கடைக்கோடி நீளத்தில் எடுத்தேன். சோம்ரோங்கில் பாலம்வரை கல்படிகளில் இறங்கி, மறுகரையில் அதே அளவு சினுவாவுக்கு ஏறிய அந்தக் கொடுமையான நாளிலும் கேமரா பைக்குள் அடையவில்லை. அன்று மட்டும் 160 படங்கள்.

இழந்தது ஒன்று உண்டு. 190 கிராமே எடையுள்ள 40-150 மி.மீ. லென்ஸை, அடைப்பு இல்லாதது என்ற சாக்கில், கிளம்பும் நாளன்று பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். பேம்பூ என்ற இடத்தைத் தாண்டிய காட்டில் குட்டியை அணைத்தபடி ஒரு லங்கூர் குரங்கு மரக்கிளையில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. என் படத்தில் அது இலைகளுக்கு நடுவே ஒரு சாம்பல் நிறப் புள்ளி. சிக்கனம் பிடிவாதமாக மாறிய இடம் அது என்றே சொல்வேன். அதே பிற்பகல் ஆலங்கட்டி கொட்டியபோது, கேமராவை மூடாமலே நடந்தேன். விடுதியில் துண்டால் துடைத்ததோடு சரி.

முகாமில் விடியலுக்கு முன் வெளியே வந்தபோது தண்ணீர்க் குடுவையின் வாயில் பனி கட்டியிருந்தது. வெயில் முதலில் மேற்கே 7,219 மீட்டர் அன்னபூர்ணா தெற்கின் தலையிலும், 8,091 மீட்டர் அன்னபூர்ணா முதல் சிகரத்திலும் பட்டு மெல்ல இறங்க, கிழக்கே மச்சபுச்சரே இன்னும் கரிய நிழலாகவே நின்றது. வெண்பனியைக் கேமரா சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி ஏற்ற வேண்டும். மேலேயே உருள்பொத்தான் இருந்ததால் கையுறையைக் கழற்றாமல் திருப்பினேன். நண்பரின் கைபேசி, 60 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே, அணைந்துபோனது.

சாப்பாட்டு அறைக்குள் வந்ததும் அவசரப்பட்டு எடுத்திருந்தால் லென்ஸுக்குள் நீராவி படிந்திருக்கும். வெளியிலேயே நெகிழிப் பைக்குள் கேமராவை இறுகக் கட்டி, அறையில் முக்கால் மணி நேரம் அப்படியே வைத்தேன். அந்த அறையின் படங்கள்தாம் சரியாக அமையவில்லை. அதிக ஒளியை உள்ளே விடாத எஃப்/4 லென்ஸும் மங்கிய விளக்கும் சேர்ந்தால், கை நடுங்காவிட்டாலும் சிரிக்கிற மனிதர் அசைந்துவிடுகிறார். ஊர் திரும்பியபோது கார்டில் 1,046 படங்கள் இருந்தன. மூன்றாம் பேட்டரி பாதிதான் செலவாகியிருந்தது. தராசு இன்னும் சமையல் மேடையிலேயே இருக்கிறது, 40-150 லென்ஸும் அதன் பக்கத்தில்.