பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது பேசுகிற பேச்சா இது?

"பெரியவ கெட்டிக்காரி மிஸ், சின்னவனுக்குத்தான் மண்டையில ஏறாது." பெற்றோர் ஆசிரியர் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிற பேச்சு. பையன் பக்கத்திலேயே நிற்பான். மிஸ்ஸும் தலையாட்டுவார். கேட்கும்போதே எனக்கு வயிறு எரியும்.

அறிவை அளக்கும் தேர்வு எதற்காக வந்தது தெரியுமா? 1905இல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே என்ற உளவியலாளரும் தியோடர் சிமோன் என்ற மருத்துவரும் அதை உருவாக்கினார்கள். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து, அவர்களுக்குத் தனிக் கவனம் கொடுத்துக் கற்பிப்பதுதான் நோக்கம். அறிவு கூட்டவே முடியாத ஓர் அளவு என்ற எண்ணத்தை 1909இல் வெளிவந்த தன் புத்தகத்தில் பினே கடுமையாக மறுத்தார். கவனமும் நினைவாற்றலும் பயிற்சியால் வளரும் என்றார். சிலை மாதிரி அசையாமல் நிற்கும் விளையாட்டுகூட அவர் சொன்ன பயிற்சிகளில் ஒன்று. எவ்வளவு அக்கறை இருந்தால் இப்படி யோசித்திருப்பார்!

1911இல் அவர் இறந்துபோனார். 1916இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் அந்தத் தேர்வைத் திருத்தி, அறிவுத்திறனைச் சொல்லும் ஐ.க்யூ. என்ற ஒற்றை எண்ணைப் பரப்பினார். அறிவு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது என்று நம்பியவர் அவர். நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் ஒட்டிக்கொண்டது அந்த நம்பிக்கைதான்.

அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள், "எப்படிப் படிக்கிறான்?" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தக் கணக்கில், எந்தப் படியில் தடுமாறுகிறான் என்று கேளுங்கள். கடன் வாங்கிக் கழிப்பதிலா, வாய்ப்பாட்டிலா, இல்லை கேள்வியை வாசித்துப் புரிந்துகொள்வதிலேயேவா? டீச்சர்களே, கேட்கிறவர்களுக்குத் தயவுசெய்து உட்கார வைத்துச் சொல்லுங்கள்.