இழுத்த கம்பியை யார் பார்த்துக்கொள்வது?

தை, மாசியில் எங்கள் பக்கம் வைக்கோல் ஏற்றிய லாரிகள் ஓடத் தொடங்கிவிட்டால் எனக்குத் தூக்கம் குறைந்துவிடும். பட்டுக்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுப்பது என் தொழில். வைக்கோல் பாரம் லாரியின் உயரத்தையும் தாண்டி நிற்கும். சாலையின் குறுக்கே போகும் கேபிள் அதில் மாட்டினால் இரண்டு போஸ்ட் தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். கொஞ்ச நேரத்தில் போன் வரும். "தம்பி, நெட்டு வரலப்பா. பொட்டியில செவப்பு லைட்டு எரியுது." வீட்டுப் பெட்டிக்கு ஒளி வந்து சேரவில்லை என்றால்தான் அந்த விளக்கு எரியும். லாரி மட்டுமல்ல, அணில் கடிக்கும், எலி கடிக்கும், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டும் ஜேசிபி ஒரே வாளியில் ஒரு ஊராட்சியையே இருட்டாக்கிவிடும்.

"இப்ப எல்லாம் செல்போன்தானே, கம்பியை யார் வச்சிருக்கா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. 2000களின் நடுவில் இந்தியாவில் 4 கோடிக்கு மேல் இருந்த கம்பிவழி இணைப்புகள் 2020இல் ஏறக்குறைய 2 கோடிக்கு இறங்கிவிட்டன. ஆனால் அதற்குப் பிறகு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. 2024 மார்ச்சில் 3.3 கோடியைத் தாண்டியது. கொரோனா நேரத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்ததும், பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு வந்து உட்கார்ந்ததும் அதற்கு ஒரு காரணம். செப்பு போய் கண்ணாடி இழை வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் செல்போன் டவருக்கும் ஃபைபர்தான் நல்ல வழி. நாட்டில் பாதிக்கும் குறைவான டவர்களுக்குத்தான் இன்னும் ஃபைபர் போயிருக்கிறது. மீதி டவர்கள் மைக்ரோவேவ் ரேடியோ அலையில் தள்ளிக்கொண்டு இருக்கின்றன. 5ஜி பற்றி எவ்வளவு பேசினாலும் தரையில் கம்பி இல்லாவிட்டால் அது ஓடாது.

நான் இந்தத் தொழிலைக் கேபிள் டிவியில் தொடங்கினேன். ஆனால் கம்பியைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன்மேனாக இருந்த ஒரு பெரியவர். அவரை நாங்கள் எல்லோரும் லைன்மேன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எக்ஸ்சேஞ்சிலிருந்து தெருவோரப் பெட்டியான பில்லர், பில்லரிலிருந்து வீடுகளுக்குப் பிரிக்கும் டிபி பெட்டி, அங்கிருந்து டிராப் ஒயர் வீட்டுக்கு. இதில் எந்த இடத்தில் பழுது என்பதை டெஸ்ட் போனைக் கொக்கியில் மாட்டிக் காதில் வைத்தே சொல்லிவிடுவார். மண்ணுக்குள் போகும் ஜெல்லி கேபிளைப் பிரித்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பிசினைத் துடைத்து, ஜோடி ஜோடியாகச் சேர்ப்பார். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சிலேட் என்று நிற வரிசையை அவர் எனக்கு மனப்பாடம் செய்ய வைத்தார். பிறகு நான் ஃபைபருக்கு வந்தபோது முதல் ஐந்து இழைகளும் அதே வரிசையில் இருந்தன. அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்பப் பாதி வேலை உனக்குத் தெரியும்டா தம்பி" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த தைரியம் பெரியது.

2020 ஜனவரி 31ஆம் தேதி பி.எஸ்.என்.எல்.லிலிருந்து 78,000க்கும் மேற்பட்டவர்கள் விருப்ப ஓய்வில் ஒரே நாளில் வெளியே வந்தார்கள். மொத்த ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர். நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்க்கொண்டிருந்தது, அதனால் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. என் கவலை வேறு. எந்த வாய்க்கால் பாலத்துக்குக் கீழே எந்த ஜாயிண்ட் இருக்கிறது, எந்தத் தெருவில் கேபிள் வரைபடத்தில் இருப்பதற்கு மாறாக எதிர்ப்பக்கம் போகிறது என்பதெல்லாம் பாதிக்கு மேல் இந்த ஆட்களின் மண்டையில்தான் இருந்தது. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே வெளியே போய்விட்டது. 2022 ஆகஸ்டில் ஜியோ பி.எஸ்.என்.எல்.லைத் தாண்டி நாட்டின் பெரிய கம்பிவழி நிறுவனம் ஆனது. செய்தித்தாள்கள் அதைப் போட்டி என்று எழுதின. தரையில் இருந்து பார்த்தால் வேலை மாதச் சம்பளக்காரர் கையிலிருந்து பங்குக்காரர் கைக்கும் ஒப்பந்தக்காரர் கைக்கும் மாறியதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

நானும் அப்படி ஒரு பங்குக்காரன்தான். கேபிள், போஸ்ட், இழைகளை ஒட்டவைக்கும் ஸ்ப்ளைசிங் மிஷின், ஆட்கள் எல்லாம் என் முதலீடு. மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு எனக்கு வரும். முன்பு நான் வேலை செய்த ஒரு நிறுவனம் அந்தப் பங்கை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தது. அந்தச் சமயத்தில் என்னிடம் இருந்த பையன்களில் ஒருவன் திருப்பூருக்குப் போய்விட்டான். நல்ல கை அவனுக்கு. 125 மைக்ரான் தடிமன் உள்ள இழையை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, கிளீவரில் ஒரே வெட்டில் நேராக வெட்டுவான். ஒட்டிய இடத்தில் ஒளி இழப்பு 0.02 டெசிபல்தான் என்று மிஷின் காட்டும். இப்போது அவன் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவனைப் போல ஒருவனைத் தயார்செய்ய எவ்வளவு காலம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஃபைபர் பழுது வெளியே தெரியாது, அதுதான் சிரமம். ஒரு இழையிலிருந்து ஸ்பிளிட்டர் வைத்து 64 வீடு வரை பிரிக்கலாம். வந்து சேரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 20ஐ ஒட்டி வந்தால் நிம்மதி, மைனஸ் 27ஐத் தாண்டினால் பெட்டி தடுமாறும். கேபிள் அறுந்தால் கண்டுபிடித்துவிடலாம், ஓடிடிஆர் என்ற கருவி எத்தனை மீட்டரில் முறிவு என்று காட்டிவிடும். ஆனால் போஸ்டில் கம்பி இறுக்கிக் கட்டிய இடத்தில் கேபிள் மடங்கி வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால், வெயில் நேரத்தில் நெட் போகும், ராத்திரி திரும்பி வரும். வாடிக்கையாளர் கம்பெனியைத் திட்டுவார். கம்பெனி என்னைக் கேட்கும். அனுபவம் உள்ள ஆள் போஸ்ட் போஸ்டாக நடந்து பார்த்தால்தான் தீரும்.

பாரத்நெட் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க் என்ற பெயரில் ஒப்புதல் பெற்றது. இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கு ஃபைபர் என்பது இலக்கு. 2 லட்சத்துக்கு மேல் போயும் சேர்ந்துவிட்டது. இதைச் சின்ன சாதனை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். தமிழ்நாட்டில் டான்ஃபினெட் என்ற மாநில அரசு நிறுவனம் 12,525 ஊராட்சிகளைக் குறிவைத்தது, இங்கே கேபிள் பெரும்பாலும் மின்கம்பங்கள் வழியாகப் போகிறது. ஆனால் முதலில் போட்ட இணைப்புகள் ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து ஊராட்சிக்கு ஒற்றைக் கோடாகப் போனவை. நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் இருப்பவை எல்லாம் விழும். 2023இல் அமைச்சரவை ஒப்புதல் தந்த திருத்திய திட்டம், 1.39 லட்சம் கோடி ரூபாய், இதை வளையமாக மாற்றச் சொல்கிறது. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக ஓடும். பத்து வருடப் பராமரிப்பையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இழுப்பதற்கு மட்டும் பணம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்ற நிலை தவறு என்று கடைசியில் ஒரு காகிதத்தில் ஏறிவிட்டது.

அதே ஆண்டு மார்ச்சில், தோண்டுவதற்கு முன் கேபிள்காரர்களுக்குத் தகவல் சொல்ல ஒரு செயலியையும் மத்திய அரசு கொண்டு வந்தது. நல்ல ஏற்பாடு. எங்கள் பக்கத்து ஜேசிபி ஓட்டுநர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நானே டீக்கடையில் பார்த்தால் சொல்கிறேன். என் நம்பரையும் கொடுத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, கரண்ட். செப்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் பேசலாம். ஃபைபரில் மின்சாரம் வராது, வீட்டுப் பெட்டிக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னையும் மின்கம்பமும் சேர்ந்து சாய்ந்தன, கம்பத்தில் இருந்த என் கேபிள் முழுவதும் போனது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அதிலிருந்து புது இணைப்பு கொடுக்கும்போது ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வைக்கச் சொல்கிறேன். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு என்றால் வாங்கும்வரை விடமாட்டேன்.

இப்போது என்னிடம் இரண்டு பையன்கள் வேலை கற்றுக்கொள்கிறார்கள். ஃபைபர் ஸ்ப்ளைசர் என்று சான்றிதழ்ப் படிப்பே இருக்கிறது, ஒருவன் முடித்திருக்கிறான். மழையில் ஈரமான மின்கம்பத்தில் ஏறும்போது அவர்களுக்குப் பெல்ட், கையுறை, ஹெல்மெட் நான் வாங்கிக் கொடுத்தவை. காப்பீடும் நான் போட்டது. எல்லா ஊரிலும் இப்படி இருக்காது, முடியவும் முடியாது. பத்து வருடப் பராமரிப்பு என்று ஆயிரக்கணக்கான கோடிக்கு ஒப்பந்தம் போடுகிறவர்கள், கம்பத்தில் ஏறுகிறவனுக்கு இவ்வளவு மாதச் சம்பளம், இன்ன தேதிக்குள், இன்ன காப்பீடு என்று அதே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அப்புறம், அதைக் கொடுத்தார்களா என்று பார்த்த பிறகுதான் பெரிய நிறுவனத்தின் பில்லைப் பாஸ் செய்ய வேண்டும்.