மாங்குளம் – முல்லைத்தீவு றோட்டில, நாங்களே செய்த லைற்றோட

வன்னி வெயிலுக்குத் தப்போணுமெண்டா விடிய முன்னமே சைக்கிளை எடுக்கோணும். நாலு மணிக்கு மாங்குளத்தால வெளிக்கிட்டா ஒட்டுசுட்டான் மட்டும் கனக்க இடத்தில ரெண்டு பக்கமும் காடுதான், தெரு லைற்றும் இல்லை, கடை லைற்றும் இல்லை. இந்த றோட்டுக்கெண்டே நானும் மச்சானும் இருந்து லைற் செய்தனாங்கள்.

கிறீ கொம்பனியின்ர எக்ஸ்எம்-எல் எண்ட எல்இடி ரெண்டு. ஒண்டே 3 அம்பியர் வரை தாங்கும், ஆனா கரண்ட் கூடுற அளவுக்கு வெளிச்சம் கூடாது, சூடுதான் கூடும், அதால ரெண்டையும் ஒரு அம்பியர் அளவிலதான் எரிய விட்டம். கரண்டை அளவா வச்சிருக்கிற 7135 சிப் ஒண்டு 350 மில்லி அம்பியர் குடுக்கும், எல்இடிக்கு மூண்டு சிப் காணும். கூடு, அலுமினிய யன்னல் அடிக்கிற கடையில கழிச்சு விட்ட சட்டத்துண்டு. ஓடேக்க காத்துப்பட்டு இளஞ்சூட்டில நிக்கும், நிண்டா சுடத் தொடங்கும், உடன லைற்றை நிப்பாட்டோணும்.

பற்றரி பழைய லப்டொப்பில கழட்டின 18650 எண்ட லிதியம் செல் நாலு, சமாந்தரமா. ஒவ்வொண்டையும் 4.2 வோல்ற்றுக்கு ஏத்தி கொஞ்ச நாள் சும்மா வச்சு மீற்றரில பாருங்கோ, நல்லா இறங்கினது வேண்டவே வேண்டாம், பாவம் பாக்காதேங்கோ.

எல்லாத்தையும் விட முக்கியம் லென்ஸ். ஒண்டு ஒடுங்கினது, தூரத்துக்கு. மற்றது அகண்டது, அது இல்லாம வன்னியில ஓடேலாது, ஏனெண்டா ராவில மாடெல்லாம் தார்ச்சூட்டுக்கு றோட்டில வந்து படுத்திருக்கும், முகம் திருப்பினா கண் பச்சையா மின்னும், முதுகு காட்டிப் படுத்த எருமை கிட்டப் போகுமட்டும் தெரியாது. ஒட்டுசுட்டானுக்கு இஞ்சால அந்த அகண்ட வெளிச்சத்திலதான் கரையில கிடந்த யானை லத்தியைக் கண்டம், புதுசு, ஈரம் மினுங்குது. மச்சான் ஒண்டும் பறையேல்லை, கையைக் காட்டினான், நிண்டிட்டம். லொறி ஒண்டு வரும்வரை பாத்திருந்து அதுக்குப் பின்னாலதான் போனனாங்கள்.

ஒட்டுசுட்டானில தேத்தண்ணி குடிக்கேக்க ஒரு ஐயா வந்து லைற்றைத் தடவித் தடவிப் பாத்தார். "தூரத்தில மோட்டச்சைக்கிள் எண்டெல்லோ நினைச்சன் தம்பி, சத்தத்தைக் காணேல்லை." சண்டை நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில பற்றரி இல்லாம, சைக்கிளைக் கவிட்டு வச்சு பெடலைச் சுத்தி டைனமோவில றேடியோ கேட்ட கதையையும் சொன்னார். இப்பவும் இருட்டோட குளக்கட்டால வயலுக்குப் போறவராம். அவருக்கு அகண்ட லென்ஸ் ஒண்டே காணும், மிஞ்சின செல்லில அதைச் செய்யத் தொடங்கியிட்டன்.