கொடைக்கானலுக்கு எந்தப் புத்தகத்தை எடுத்துப் போவது?

மூன்று நாள் கொடைக்கானல் பயணத்துக்கு 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் மூட்டை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். படகு சவாரி, தூண் பாறை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் போக நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் மிஞ்சினால் அதிகம். நிதானமாகப் படிக்கிற ஆளுக்கு மணிக்கு 30 பக்கம் ஓடும். ஆக மொத்தம் 180 பக்கம். புத்தகத்தை இந்தக் கணக்குக்குள் தேடுங்கள்.

ஆளுக்கு இரண்டு போதும். ஒன்று, 200 பக்கத்துக்கு உட்பட்ட நாவல். இன்னொன்று, எங்கே பிரித்தாலும் படிக்கத் தோதான சிறுகதையோ கட்டுரையோ. பெரும்பாலும் இரண்டாவதுதான் முதலில் தீரும். டாக்ஸி வரும்வரை பத்து நிமிடம், பிள்ளைகள் குதிரை ஏறி இறங்கும்வரை கால் மணி என்று மலையில் நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். எட்டுப் பக்கக் கதை அதற்குள் முடிந்துவிடும். நாவலில் எட்டுப் பக்கம் படித்து மூடினால், மறுபடி எடுக்கும்போது யார் யாருக்கு மச்சான் என்று பின்னால் புரட்ட வேண்டியிருக்கும். அதனால் நாவலை வீட்டிலேயே தொடங்கி 30 பக்கம் தாண்டிவிட்டுக் கிளம்புங்கள். பெயர்கள் மனதில் பதிந்துவிட்டால் எத்தனை முறை மூடினாலும் பாதகமில்லை. பத்திரிகையில் தொடராக வந்தவற்றில் இந்தத் தொல்லை குறைவு. வாரம் ஓர் அத்தியாயம் என்று எழுதியதால் ஒவ்வொன்றும் ஒரு கொக்கி போட்டு முடியும். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் அப்படி வந்ததுதான். எடுத்தே தீருவேன் என்றால் முதல் பாகம் மட்டும்.

கடையில் முதல் பக்கத்தை நம்பி வாங்காதீர்கள். எழுதியவர் அதிகம் மெனக்கெட்டிருப்பதே அதில்தான். ஐம்பதாம் பக்கம் வாக்கில் பிரித்து, நின்றபடியே மூன்று பக்கம் படித்துப் பாருங்கள். நடுவில் நிமிர்ந்து பார்க்கத் தோன்றாவிட்டால் வாங்கலாம். எழுத்தின் அளவையும் கவனியுங்கள்: விடுதி அறைகளில் பெரும்பாலும் மங்கலான மஞ்சள் விளக்குதான், பொடி எழுத்தும் நெருக்கமான வரியும் அரை மணியில் கண்ணைக் கரிக்க வைக்கும். தன்னம்பிக்கை நூல்கள், பங்குச்சந்தை நூல்கள், ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்ட கனத்த புத்தகம் எதுவும் வேண்டாம். ஊரில் மண்டையில் ஏறாதது மலையிலும் ஏறாது.

போகிற வழியை வைத்தும் தேர்ந்தெடுக்கலாம். மதுரையிலிருந்து மலையேறும் பேருந்து தாண்டிப் போகும் வத்தலக்குண்டு, எழுத்தாளர்கள் பி.ஆர். ராஜமையர், பி.எஸ். ராமையா, சி.சு. செல்லப்பா மூவரோடும் தொடர்புள்ள ஊர். செல்லப்பாவின் 'வாடிவாசல்' ஒரே மூச்சில் முடிக்கக்கூடிய குறுநாவல், பையில் இடமும் அடைக்காது. குறுந்தொகையில் பெரும்பாலான பாட்டுகள் நான்கிலிருந்து எட்டு அடிக்குள்தான். உரையோடு உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அதன் மூன்றாம் பாட்டில் வரும் கருங்கோல் குறிஞ்சியும் அதன் தேனும் இந்த மலைக்காரர்களுக்குப் பழக்கமானவை. 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சியை இனி 2030-இல்தான் பார்க்க முடியும், அதுவரை பாட்டுதான். நீலகிரிப் பக்கம் ஒரு வாரம் தங்குகிறவர்கள் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' எடுத்துப் போகலாம். படகர் வாழ்க்கையைச் சொல்லும் நாவல்.

மலைப்பாதை தொடங்கும் காட்ரோட்டைப் பேருந்து தாண்டியதும் புத்தகத்தை மூடிவிடுங்கள். கண் பக்கத்தில் நிலைத்திருக்க, உள்காது வளைவுகளை உணர்ந்துகொண்டே இருக்கும். இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டுகிறது. நீலகிரி மலை ரயிலில் வளைவு நெளிவு இருந்தாலும் வேகம் குறைவு, அதனால் அவ்வளவு படுத்தாது. ஆனால் 16 சுரங்கங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் வரி விட்டுப்போகும்.

மழையைவிடப் பனிமூட்டம்தான் புத்தகத்துக்கு எதிரி. பளபள அட்டையின் வெளிப்பக்கம் லேமினேஷன் இருப்பதால் ஈரம் ஏறாது. உள்பக்கத் தாள் மட்டும் ஈரத்தை இழுத்து விரியும். காலையில் எழுந்து பார்த்தால் மேல் அட்டை தோசை மாதிரி வெளிப்பக்கமாகச் சுருண்டிருக்கும். பதறி ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் முதுகுப் பசை இளகி, பக்கங்கள் கொத்தாகக் கழன்றுவிடும். இரவில் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் துணிமணிகளுக்கு நடுவே வையுங்கள். கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைக்கு மலையில் தடை இருப்பதால் கேன்வாஸ் பை ஒன்று கையோடு இருக்கட்டும். வெளியில் உட்கார்ந்து படிக்கக் காலை பத்து முதல் பன்னிரண்டு தோதான நேரம். மதியத்துக்கு மேல் மூட்டம் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது.

போனில் படிக்கிறவர்கள் கீழேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் சிக்னலை நம்ப முடியாது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் போன் திரையில் பொடியாகத் தெரியும், வரிக்கு வரி இழுத்து நகர்த்த வேண்டும். எழுத்தைப் பெரிதாக்க வசதியுள்ள இபப் (EPUB) கோப்பே மேல். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். சாதாரணக் கம்பளிக் கையுறை போட்ட விரலுக்குத் திரை நகராது.

ஊர் திரும்பியதும் புத்தகத்தை உடனே அலமாரியில் செருகாதீர்கள். ஒருநாள் விரித்து நிறுத்தி உலரவிட்டு, மேலே கனமான அகராதி ஏதாவது வைத்து இரண்டு நாள் அழுத்தினால் அட்டை பெரும்பாலும் நேராகிவிடும்.