கடைக்காரரும் தாய்மாமாவும்

நாவலில் காட்டிக்கொடுத்தவர் மலையாளியாக இருக்க வேண்டாம் என்று, பதிப்பாசிரியரான நான் அந்த எழுத்தாளரிடம் சொன்னேன். அந்தப் பேச்சு இன்னும் எனக்குள் முடியவில்லை.

1954 ஆகஸ்ட் 11. திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு ஊர்வலம் போனவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்ட நாள். எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர், அதைப் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான மர்ம நாவலாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஊர்வலத்துக்குப் போகவிருந்தவர்களின் பட்டியல் முன்கூட்டியே ஸ்டேஷனுக்குப் போய்விடுகிறது. கொடுத்தது யார் என்று ஒரு பையன் தேடுகிறான். பட்டியல் முழுக்கக் கற்பனை. நாளும் ஊரும் நிஜம். கொடுத்தவர், மலையாளம் பேசும் பலசரக்குக் கடைக்காரர்.

"சார், மூன்றாம் அத்தியாயத்திலேயே ஆள் தெரிந்துவிடுகிறது" என்றேன். பொய்யில்லை. கடைக்காரர் வரும்போதெல்லாம் விளக்கு மங்கியது, நாய் குரைத்தது. ஆனால் என் மனதில் இருந்த காரணம் வேறு. கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் போகப்போகிற புத்தகம் இது. அங்கே வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும் மலையாளம் பேசும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். அதைச் சொல்லாமல் உத்தியைச் சொன்னேன். ஆயுள் முழுக்க மாணவர்களின் சாக்குப்போக்கைக் கேட்டவரிடம் அது எடுபடுமா?

"கற்பனைதானே என்கிறீர்கள் தம்பி. அப்படியானால் என் கற்பனையில் நீங்கள் ஏன் கை வைக்கிறீர்கள்?"

இதற்குப் பிற்பாடு எத்தனையோ பதில்கள் தயாரித்துவிட்டேன். அன்று கைக்கு அகப்பட்டவர் லோகியாதான். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியை ஆண்டது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் அரசு. அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே, துப்பாக்கிச் சூட்டுக்குப் பொறுப்பேற்று அரசு விலக வேண்டும் என்றார். ஆகவே இதை மொழிச் சண்டையாக மட்டும் பார்க்கக் கூடாது என்று நீட்டி முழக்கினேன்.

"என் அப்பா அன்று புதுக்கடையில் நின்றார். லோகியா நிற்கவில்லை."

இது வாதமே அல்ல என்று இப்போதும் சொல்வேன். அப்பா நின்றார் என்பதற்காக இல்லாத கடைக்காரர் ஒருவரை உண்டாக்கிக் குற்றம் சுமத்தலாமா? சுட்டது சர்க்காரின் போலீஸ். கடைக்காரர் பிடிபட்டதும் கதை தீர்ந்துவிடுகிறது. உத்தரவு போட்டவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். மர்மக் கதையோடு எனக்குள்ள தீராத வழக்கு இதுதான். கடைசி அத்தியாயத்தில் யாராவது ஒருவர் அகப்பட்டாக வேண்டும். வரலாற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நான் சொன்ன மாற்று மட்டும் என்ன வாழ்ந்தது? பையனின் தாய்மாமாவே பட்டியலைக் கொடுத்ததாக வைக்கலாம், சர்க்கார் வேலை போய்விடுமோ என்ற பயத்தில், என்றேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார், முதல் பிரதியைவிட எவ்வளவோ நன்றாக. பட்டியலில் இருப்பது மாமாவின் பேனா மசி என்று பையன் அறியும் பக்கத்தில், மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்த நான் எழுத்துப்பிழைகளைக் கவனிக்காமலே வாசித்துக்கொண்டு போனேன்.

பிறகு ஒரு பள்ளியில் வாசிப்புக் கூட்டம். ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து கேட்டாள்: "அப்போது நம்மவரே காட்டிக்கொடுத்ததால்தான் சுட்டார்களா?"

"அது கதை அம்மா" என்று முந்திக்கொண்டேன்.

"1956 நவம்பர் 1?"

"அது நிஜம்." அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததும், தேவிகுளமும் பீர்மேடும் கேரளப் பக்கமே நின்றதும் நிஜம் என்றேன். தலையாட்டினாள். மாமாவையும் சேர்த்து நம்பிவிட்ட தலையாட்டல் அது.

அப்போது எழுத்தாளர் குறுக்கிட்டார். "சுட்டது போலீஸ், மக்களே. அதை விட்டுவிடாதே." அன்று நான் அவரிடம் சொன்னதைத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

கடைக்காரரை விட்டுவைத்திருந்தால் அந்தப் பெண் அவரை நம்பியிருப்பாள், அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். மலையாளம் பேசும் பிள்ளை ஒன்று அந்த வகுப்பில் தலை குனியாமல் உட்கார்ந்திருந்ததே, அது போதாதா? அப்படி யாராவது இருந்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை.

அடுத்து அவர் எழுதப்போவது தோள்சீலைக் கலகம், திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த போராட்டம். கதை, அந்த உரிமையைத் தந்த மன்னரின் 1859 பிரகடனத்தில் போய் நிற்குமாம். "இதில் குற்றவாளி யாராக இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள் தம்பி" என்றார் போனில். கிண்டல்தான். ஆனால் நான் உடனே யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.