வின்ச் ஏவலில் விபத்து: அடிகளை விட்டுவிட்டு விநாடிகளைப் படியுங்கள்

கிளைடர் (இயந்திர உந்துதலின்றி மிதந்து பறக்கும் விமானம்) ஓட்டும் அனுமதிப்பத்திரத்துக்காகக் கொழும்பிலிருந்து ஐரோப்பா போகத் தயாராகும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தரையிலுள்ள பொறி நீண்ட கேபிளைச் சுருட்டி இழுத்துக் கிளைடரை மேலேற்றுவதுதான் வின்ச் ஏவல். "இத்தனை அடி உயரத்தில் கேபிள் அறுந்தால் இதைச் செய்" என்ற அட்டவணையை முதலில் மனப்பாடம் செய்யாதீர்கள். பாரதூரமான வின்ச் விபத்துகள் ஒருசில விதங்களிலேயே திரும்பத் திரும்ப நடக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது வேகமும் நேரமும்தான். பிரித்தானிய கிளைடிங் சங்கம் 2005இல் தொடங்கிய வின்ச் பாதுகாப்பு முயற்சியும் இவற்றைத்தான் குறிவைத்தது.

காலிமுகத்திடலில் பட்டம் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நூலைச் சுண்டியதும் பட்டம் நிமிர்கிறது. கிளைடரின் வின்ச் கொக்கியும் பட்டத்து முச்சை போலத்தான்: அடிவயிற்றில், சில்லுக்கு அருகே, புவியீர்ப்பு மையத்துக்குக் கீழே இருக்கிறது. இழுவை ஏறியதும் மூக்கு தானாக மேலே எழ முயலும். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் பரீட்சையில் பாதி வினாக்கள் இலகுவாகிவிடும்.

முதல் ஆபத்து தரையிலேயே இருக்கிறது. கிளைடர் மூன்று நான்கு விநாடிகளில் 50 நொட் (மணிக்கு 50 கடல் மைல்) வேகத்தைத் தொட்டுவிடும். பக்கக்காற்றில் ஓர் இறக்கை சரிந்து புல்லில் உரசினால் அந்தப் பக்கம் பிடிபட்டு நிற்கும், மற்ற இறக்கை வேகமெடுத்து மேலெழும், கிளைடர் கரணமடித்துத் தலைகீழாக விழும். இறக்கை தரையைத் தொட்ட பிறகு யோசிக்க நேரமில்லை. ஆகவே தொடக்கத்திலிருந்தே இடது கை, கேபிளைக் கழற்றிவிடும் மஞ்சள் நிற விடுவிப்புப் பிடியிலேயே இருக்க வேண்டும். பிடிக்குப் பக்கத்தில் கை இருந்தால் போதாது, விரல்கள் அதைப் பற்றியிருக்க வேண்டும். இறக்கைகளை மட்டமாக வைத்திருக்க முடியாது என்று தெரிந்த கணமே, இறக்கை புல்லைத் தொடுமுன் பிடியை இழுத்துவிடுங்கள்.

இரண்டாவது, மேலெழுந்தவுடன் மூக்கை அவசரமாக நிமிர்த்துவது. வேகம் போதாமல் இறக்கை தூக்குவிசையை இழப்பதுதான் ஸ்டோல். ஸ்டோல் வேகம் சுமைக் காரணியின் (இறக்கைகள் தாங்கும் சுமை எடையின் எத்தனை மடங்கு என்பதன்) வர்க்கமூலத்தோடு கூடும். நேர்ப்பறப்பில் 36 நொட்டில் ஸ்டோல் ஆகும் கிளைடரின் இறக்கைகள் 2.25 மடங்கு சுமை தாங்கினால், அது 54 நொட்டிலேயே ஸ்டோல் ஆகும். கேபிளின் கீழ்நோக்கிய இழுவையும் வேகமாக நிமிர்வதும் சேர்ந்து அந்தச் சுமையை ஏற்றுகின்றன. தரைக்கு அருகே ஒரு பக்கம் ஸ்டோல் ஆனால் கிளைடர் உருண்டு விழும், மீட்க உயரம் இருக்காது. போதிய வேகம் வந்து, அது இன்னும் கூடிக்கொண்டிருப்பதைக் காணும் வரை ஏற்றம் சிறிதாகவே இருக்கட்டும். அதன்பின் சுமார் 35 பாகை ஏற்றத்துக்குப் போக ஐந்து விநாடிகளாவது எடுங்கள்.

மூன்றாவது, கேபிள் அறுவது. உயர்தரப் பௌதிகவியல் படித்தவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் செய்து பார்க்க வேண்டும். 35 பாகையில் 55 நொட்டில் ஏறும்போது இழுவை போய்விட்டால், பாதை வழியே அமர்முடுகல் 9.81 × சைன் 35, அதாவது 5.6 மீ/செ². விநாடிக்கு ஏறத்தாழ 11 நொட் கரைகிறது. உணர்ந்து மூக்கைத் தாழ்த்த இரண்டு விநாடி போனால் 33 நொட்தான் மிச்சம். தாழ்த்தும்போது இறக்கைகளில் சுமை குறைவதால் அப்போதே ஸ்டோல் ஆகாது. கண்ணாடிக்கு வெளியே அடிவானம் வழக்கமான இடத்தில் தெரியும், எல்லாம் சரி என்று மனம் சொல்லும். அந்த நிலையில் திரும்பினாலோ இறக்கையிலுள்ள காற்றுத் தடையை (எயார்பிரேக்) திறந்தாலோதான் சுழன்று விழுவது. சரியான விடை இந்த வரிசையில் வரும்: மூக்கு மீட்பு நிலைக்கு (வேகம் மீண்டும் ஏறும் அளவுக்குத் தாழ்வாக), வேகமானியில் அணுகல் வேகம் (இறங்க வரும்போது வைத்திருக்க வேண்டிய வேகம்) ஏறும் வரை காத்திருப்பு, கேபிள் மிச்சத்தை விடுவித்தல், முன்னால் இறங்க இடமிருந்தால் நேராக இறங்குதல். வினாத்தாளில் "உடனே திரும்பு" என்ற தெரிவு கவர்ச்சியாக இருக்கும். அதைத் தொடாதீர்கள்.

இழுவை மிஞ்சினால் கிளைடரைக் காக்கத் தானே முதலில் உடையும்படி கேபிளில் போடும் துண்டுதான் பலவீன இணைப்பு. அதைப் பற்றிய வினாக்களுக்கு, டோஸ்ட் நிறுவனத்தின் இணைப்புகளில் எந்த நிறம் எந்த விசையில் உடையும் என்பது தேவைப்படலாம்: கறுப்பு 1000, மண்ணிறம் 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500 டெக்கா நியூட்டன். எதைப் போடுவது என்பதை அந்தக் கிளைடரின் கைந்நூல்தான் சொல்லும்.

ஐரோப்பிய விதிகளின்படி கோட்பாட்டுப் பரீட்சையில் ஒன்பது பாடங்கள், ஒவ்வொன்றிலும் 75% வேண்டும். வின்ச் ஏவலுக்கான தகுதிக்குப் பயிற்றுநருடன் குறைந்தது 10 ஏவல்களும் மேற்பார்வையில் தனியாக 5 ஏவல்களும் தேவை. அங்கே போகுமுன் வீட்டுக் கதிரையில் இருந்தபடியே பழகலாம். பறப்புக்கு முந்திய சோதனையின் கடைசிப் படியை வாய்விட்டுச் சொல்லுங்கள்: இன்றைய காற்று எந்தப் பக்கம், அணுகல் வேகம் எத்தனை, முன்னால் இறங்க முடியாவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவேன். பக்கத்தில் ஒருவர் திடீரென "அறுந்தது" என்று சொல்லட்டும். வலது கை முன்னே போக வேண்டும், கண் வேகமானிக்குப் போக வேண்டும். முதலில் வாயில் வருவது வேகத்தின் எண்ணாக இருக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.